ஒத்தையா ரெட்டையா

யஷ்வந்தின் இரத்தம் ரெட்டை என்று சீட்டு வந்தபோது அவன் பேருந்தின் முன்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டிருந்தான். வால்பாறையிலிருந்து பொள்ளாச்சிக்கு ஏழே கால் வண்டி. பயணிகள் ஏறி உட்கார்ந்தாகிவிட்டது. பணிமனை மேலாளர் பிரவீன்குமார் தானே நடந்து வந்து, அவனிடமிருந்து சாவியை வாங்கிக்கொண்டு, வேறு ஓட்டுநரை ஏறச் சொன்னார். பன்னிரண்டு வருஷத்தில் வண்டியில் ஒரு கீறல்கூட விழவிடாதவன் கையில் துணியோடு நின்றான். அந்தத் துணியை என்ன செய்வதென்று அவனுக்கு விளங்கவில்லை. கடைசியில் சட்டைப்பையில் திணித்துக்கொண்டான்.

இதென்ன பாடு என்று கேட்டால் பூனையிலிருந்து தொடங்க வேண்டும். பத்தொன்பது வருஷத்துக்கு முன்னால் பூனைக்காய்ச்சல் வந்தது. பூனை வயிற்றில் வளர்ந்து மனிதனுக்கு ஒட்டும் பழைய கிருமிதான். எங்கேயோ புது வேஷம் கட்டிக்கொண்டு தண்ணீரில் கிளம்பிவிட்டது. நாலு நாள் காய்ச்சல், ஒரு வாரச் சோர்வு, பிறகு எல்லோரும் எழுந்து வேலைக்குப் போய்விட்டார்கள். ஆனால் கிருமி போகவில்லை, தலைக்குள்ளேயே குடித்தனம் வைத்துவிட்டது. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்க அரை நொடி கூடுதலாக ஆயிற்று. கடையில் உட்கார்ந்து துணி கிழிக்கிறவருக்கு அரை நொடியால் ஒரு நஷ்டமும் இல்லை. நாற்பது கொண்டை ஊசி வளைவுள்ள மலைப்பாதையில் பேருந்து ஓட்டுகிறவருக்கு உண்டு. இரண்டு வண்டிகள் பள்ளத்தில் போன பிறகுதான் அரசாங்கம் விழித்துக்கொண்டது.

அப்போதுதான் இரத்தத்தின் சங்கதி வெளியே வந்தது. சிவப்பணுவின் மேல் டி என்றொரு அடையாளம் இருக்கிறது. அம்மா, அப்பா இருவரிடமிருந்தும் அது வந்திருந்தால் ரெட்டை. ஒருவரிடமிருந்து மட்டும் வந்திருந்தால் ஒத்தை. இருவரிடமிருந்தும் வராவிட்டால் காலி. பழைய சீட்டுகளில் முதல் இரண்டையும் சேர்த்துப் பாசிட்டிவ் என்றும், காலியை நெகட்டிவ் என்றும் எழுதுவார்கள். பூனைக்கிருமி ஒத்தைக்காரர்களைத் தொட்டும் பார்க்கவில்லை. ரெட்டைக்காரர்களுக்கு வயது ஏற ஏற மந்தம் வந்தது. காலிகளுக்கு முதல் நாளிலிருந்தே வந்தது. பிள்ளைகள் உள்ளங்கைக்குள் புளியங்கொட்டையை மூடிக்கொண்டு கேட்கிற கேள்வியை இப்போது பெண் பார்க்க வந்தவர்களும் வேலை கொடுக்கிறவர்களும் கேட்கத் தொடங்கினார்கள். மலைப்பாதையில் ஒத்தைகள் மட்டுமே ஓட்டலாம் என்று சட்டமே வந்துவிட்டது. கைவேகத்தைச் சோதித்துப் பார்த்து எடுத்தால் போதாதா என்று சிலர் கேட்டார்கள். இன்றைக்கு வேகமாக இருக்கிற கை அடுத்த வருஷமும் இருக்குமா என்று பதில் வந்தது. நியாயமாகத்தான் பட்டது, தன் தலையில் விழுகிறவரைக்கும்.

யஷ்வந்த் வேலைக்குச் சேர்ந்தபோது டி-யை எண்ணிப் பார்க்கும் கருவி மலைக்கு வந்திருக்கவில்லை. அம்மா சாந்தாமணியின் பழைய கர்ப்பகால அட்டையைக் கொண்டுபோய்க் காட்டினான். அதில் நெகட்டிவ் என்று இருந்தது. அவன் பாசிட்டிவ். காலியான அம்மாவிடமிருந்து டி வர வழியில்லை, ஆகவே அவனுடையது அப்பாவிடமிருந்து வந்த ஒன்றே ஒன்று, ஆகவே ஒத்தை. இப்போது கருவி வந்து எண்ணிவிட்டது. இரண்டு இருக்கிறதாம்.

மேலாளர் அவனை அறையில் உட்காரவைத்துத் தேநீர் வரவழைத்தார். கைவேகச் சோதனையில் இந்தப் பணிமனையிலேயே முதலாவதாக வருகிறவன் அவன்தான் என்பது அவருக்கும் தெரியும். முப்பது நாளுக்குள் மேல்முறையீடு செய்யலாம் என்றார். பிறகு சொல்லலாமா வேண்டாமா என்று மென்று விழுங்கினார்.

"அம்மா காலின்னா புள்ளை ரெட்டையா இருக்க முடியாதுப்பா. ஒரு டி உங்கப்பாகிட்ட இருந்து வந்தது. இன்னொண்ணு எங்கிருந்து வந்துச்சு?"

அவர் உடனே மின்விசிறியைப் பார்த்தார். நான் ஒன்றும் சொல்லவில்லை, எண்ணிக்கையைத்தான் சொன்னேன் என்று முணுமுணுத்தார். யஷ்வந்துக்கு அவர் சொன்னது முதலில் புரியவேயில்லை. தேநீரைக் குடித்து முடித்து, தம்ளரைக் கீழே வைத்து, வாசல்வரை வந்த பிறகுதான், சாந்தாமணி உன்னைப் பெற்றவளே இல்லை என்கிறார் என்று புரிந்தது. திரும்பிப் போய் அந்த மனிதரை அறையலாமா என்றுகூடத் தோன்றியது.

அட்டையில் எழுதினவர்தான் தப்பாக எழுதியிருக்க வேண்டும் என்று அவன் முடிவு கட்டினான். மறுநாள் அம்மாவைக் கூட்டிக்கொண்டு பொள்ளாச்சிக்குக் கிளம்பினான். பன்னிரண்டு வருஷமாக ஓட்டின பாதையில் முதல்தடவையாகப் பயணியாக உட்கார்ந்தான். ஒவ்வொரு வளைவிலும் அவன் கால் இல்லாத பிரேக்கை மிதித்தது. பக்கத்தில் அம்மா ஜன்னலில் தலைசாய்த்து நிம்மதியாகத் தூங்கினாள்.

சாந்தாமணிக்கு அறுபத்தைந்து வயது. தேயிலை பறித்து ஓய்ந்தவள், கணவனை இழந்தவள். அவளுடைய மந்தம் வீட்டில் எல்லோருக்கும் பழகிப்போன ஒன்று. கூப்பிட்டால் ஒரு மூச்சு கழித்துத்தான் திரும்புவாள். நாலு பேர் சேர்ந்து சிரித்தால் அவர்கள் சிரித்து ஓய்கிற இடத்தில் இவள் சிரிப்பு தொடங்கும். பாலை அடுப்பில் வைத்தால் பக்கத்தில் யாராவது நிற்க வேண்டும். யஷ்வந்த் சின்ன வயதில் இதற்காக எரிந்து விழுந்திருக்கிறான். இப்போது அவள் பதில் வரும்வரை காத்திருப்பது அவனுக்கு மூச்சு விடுவதைப் போல ஆகிவிட்டது.

பொள்ளாச்சியில் இரத்தப் பரிசோதனை நிலையம் வைத்திருந்தவர் ஆபிதா பானு. ஐம்பது வயதுக்காரர், வளவளவென்று பேசாதவர். வெள்ளைத் தட்டில் அம்மாவின் இரத்தத்தை ஒரு சொட்டு வைத்து, மருந்தைச் சேர்த்து, குச்சியால் கலக்கினார். டி இருந்தால் கெட்ட பாலைப் போலத் திரிய வேண்டும் என்று முன்கூட்டியே சொல்லியிருந்தார். மூவரும் குனிந்து பார்த்தார்கள். அது திரியவில்லை. இன்னொரு மருந்தை எடுத்துச் செய்து பார்த்தார். அதுவும் திரியவில்லை. அட்டை பொய் சொல்லவில்லை. அம்மா காலிதான்.

அப்படியானால் யார் எது என்று யஷ்வந்த் மனசுக்குள் கூட்டிக் கழித்துப் பார்த்தான். எப்படிப் பார்த்தாலும் ஒருவர் மிஞ்சினார். அது அவன்தான்.

ஆபிதா அவனைப் பார்க்காமல் தட்டைக் கழுவினார். தாய் பிள்ளை உறவையே நேராகப் பார்க்கிற முழுச் சோதனை ஒன்று உண்டு, சென்னைக்கு அனுப்ப வேண்டும், மூன்று வாரம் ஆகும் என்றார். இருவரின் உமிழ்நீரையும் எடுத்துக்கொண்டார். எடுக்கும்போது, அந்த அமைதி தாங்காமலோ என்னவோ, பேசத் தொடங்கினார்.

"இந்தக் காலி இரத்தம் ஏன் இன்னும் உலகத்துல இருக்குங்கறதே ரொம்ப நாளா யாருக்கும் புரியலை தம்பி. அம்மா காலி, வயித்துல இருக்கிற புள்ளை ஒத்தைன்னா, அம்மா உடம்பே புள்ளையை அந்நியன்னு நினைச்சு அடிக்கும். அப்படிப் புள்ளையைக் கொல்ற இரத்தம் தேய்ஞ்சு தேய்ஞ்சு காணாமப் போயிருக்கணும். போகலை."

ஏன் என்று யஷ்வந்த் கேட்டான். கேட்க வேண்டும் என்பதற்காகக் கேட்டான்.

"ஒத்தைக்காகத்தான்னு சிலர் சொல்றாங்க. எந்தக் காலத்துலயோ இந்த மாதிரி ஒரு கிருமி வந்திருக்கலாம். ஒத்தைங்க தப்பிச்சிருக்கலாம். ஒத்தை பொறக்கணும்னா எங்கேயோ ஒரு காலி இருந்திருக்கணும் இல்லையா?"

சாந்தாமணி அதைக் கேட்டுக்கொண்டிருந்தாள். வழக்கமான இடைவெளி கழித்து, அப்படியானால் எங்களைப் போட்டு மிதித்துத்தான் மற்றவர்கள் கரையேறினார்களா என்று கேட்டாள். அவள் குரலில் கோபம் இல்லை. ஆபிதா உமிழ்நீர்க் குப்பிகளை மூடிப் பெயர் எழுதி ஒட்டினார்.

திரும்பும் வழியில் ஆழியாறில் வண்டி நின்றது. தேநீர்க் கடை ஓரத்தில் நின்றபடி, அம்மாவுக்கு எப்படி ஆறுதல் சொல்வது, தனக்கு யார் ஆறுதல் சொல்வது என்று யஷ்வந்த் குழம்பிக்கொண்டிருந்தான். அவள் அழுவாள், நீ என் பிள்ளைதான் என்று அடித்துச் சொல்வாள், அல்லது முப்பத்திநாலு வருஷமாக மறைத்த ஏதோ ஒன்றைச் சொல்வாள் என்றெல்லாம் எதிர்பார்த்தான். அவள் தம்ளரை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு மலையைப் பார்த்தாள்.

"அப்ப என் புள்ளை எங்க?" என்றாள்.

இதை அவன் யோசித்தே பார்த்திருக்கவில்லை. தான் யாருக்குப் பிறந்தவன் என்று மட்டும்தான் அவனுக்குக் கேள்வி. அவளுக்குக் கேள்வி வேறாக இருந்தது. சாந்தாமணிக்கு முதல் கரு நாலாம் மாதத்தில் கலைந்தது. அடுத்த கருவைக் காக்க அதன் பிறகு போட வேண்டிய ஊசியைப் பற்றி யாரும் சொல்லவில்லை. அடுத்தது உடம்பெல்லாம் ஊதி, செத்தே பிறந்தது. மாமியார் வீட்டில் பிள்ளையைத் தின்கிற இரத்தம் என்றே பேர் வைத்தார்கள். மூன்றாவது உயிரோடு பிறந்தது, ஆனால் மஞ்சள் காமாலையோடு. பிறந்த அன்றே ஆம்புலன்ஸில் கோயம்புத்தூருக்குக் கொண்டுபோனார்கள். அவளால் எழுந்து போக முடியவில்லை. பதினோரு நாள் கழித்து, இரத்தம் மாற்றிய பிள்ளையைத் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்தார்கள். மஞ்சளாகப் போனவன் கறுப்பாக வந்தான் என்று அவளே ஆயிரம் தடவை சொல்லிச் சிரித்திருக்கிறாள். யஷ்வந்தின் கல்யாணத்தில்கூடச் சொன்னாள். இப்போது தேநீர்க் கடையில் அதையே மறுபடி சொன்னாள், சிரிக்காமல்.

அந்த ஆம்புலன்ஸில் இரண்டு குழந்தைகள் போயின என்பது அவளுக்கு நினைவிருந்தது. மற்றது பக்கத்து எஸ்டேட்டைச் சேர்ந்த ஒருத்தியின் குழந்தை, இரண்டும் மாறிப்போயிருக்க வேண்டும் என்றாள். சோதனை முடிவு வரட்டும், மூன்று வாரம்தானே என்று யஷ்வந்த் கெஞ்சினான். கருவிக்குப் பொய் சொல்லத் தெரியாது என்று அவள் சொல்லிவிட்டாள். தன் இரத்தத்தைப் பற்றி எவர் என்ன சொன்னாலும் நம்பியே பழகியவள் அவள்.

பக்கத்து எஸ்டேட்டில் விசாரித்து நாலே நாளில் ஆளைக் கண்டுபிடித்துவிட்டாள். நிஷாந்த் என்று பெயர். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தும் பிரிவில் வேலை செய்தான். அவனுக்கு ஒன்பது வயதாக இருக்கும்போதே அவனுடைய அம்மா போய்விட்டாள். அப்பா யாரென்று கேட்டால் பேச்சை மாற்றுவான். விடுதியில் வளர்ந்தவன், தனிக்கட்டை. இரத்தம் ஒத்தை. இந்த ஒன்று போதும் சாந்தாமணிக்கு. மூன்று பேரில் ஒருவர் ஒத்தை, மளிகைக் கடைக்காரரும் ஒத்தைதான், அதற்காக அவரும் உன் பிள்ளையா என்று யஷ்வந்த் கேட்டுப் பார்த்தான். அவள் நிஷாந்தின் காதுமடலைப் பார்த்தாயா என்றாள். அவனுடைய காதில் யஷ்வந்துக்கு ஒன்றும் தெரியவில்லை. எல்லோருக்கும் இருக்கிற காதுதான்.

நிஷாந்த் கெட்டவனாக இருந்திருந்தால் எளிதாக இருந்திருக்கும். அவன் முதல்நாள் வாசலிலேயே செருப்பைக் கையில் வைத்துக்கொண்டு, எங்கே விடுவது என்று தெரியாமல் நின்றான். சோதனைக்கு நீயும் உமிழ்நீர் கொடுக்கிறாயா என்று யஷ்வந்த் கேட்டபோது, எனக்கு எந்தச் சீட்டும் வேண்டாம் என்றான். ஞாயிற்றுக்கிழமையானால் கூப்பிட்டுச் சாப்பாடு போடுகிறார்கள், வருகிறேன், அவ்வளவுதான் என்றான். முதல் வாரம் அவளை நீங்க, வாங்க என்று பேசினான். இரண்டாவது வாரம் எதுவும் சொல்லிக் கூப்பிடாமல் பேசினான். மூன்றாவது வாரம் அம்மா என்றான். சாந்தாமணி அந்த வார்த்தைக்குத் திரும்பினதை யஷ்வந்த் பார்த்தான். பார்த்துவிட்டு, கடைக்குப் போகிறேன் என்று வெளியே போனான்.

அவன் மனைவி தீபிகா இதையெல்லாம் வேறு விதமாக எடுத்துக்கொண்டாள். அத்தை எனக்கு மாமியாரா இல்லையா என்று எந்தச் சோதனையும் வேண்டாம், தினமும் தெரிகிறது என்று சொல்லிச் சிரித்தாள். அவனுக்குச் சிரிப்பு வரவில்லை. வேலை இல்லாத நாட்களில் அவன் பணிமனை வாசல்வரை போய், ஏழே கால் வண்டி வளைந்து இறங்குவதைப் பார்த்துவிட்டுத் திரும்பினான். வேலை போனது அதிக வலியா, அம்மா போனது அதிக வலியா என்று அவனுக்கே தெரியவில்லை. இரண்டும் ஒரே சீட்டில் போயிருந்தன. பொறாமையாகவும் இருந்தது. முப்பத்திநாலு வயசில், ஒரு தட்டுச் சோற்றைப் பார்த்துப் பொறாமைப்படுவது வெட்கமாகவும் இருந்தது.

முடிவு வந்துவிட்டது என்று ஆபிதா தொலைபேசியில் சொன்னார், என்னவென்று சொல்லவில்லை. ஞாயிற்றுக்கிழமை காலையில் அவன் தனியாக இறங்கிப் போனான். அவர் நிலையத்தை அவனுக்காகவே திறந்து வைத்திருந்தார். தாள்களை மேஜையில் பரப்பி, எதையோ இரண்டு தடவை சரிபார்த்த பிறகு சொன்னார்.

"காலியா இருக்கறதுலயே பல விதம் உண்டு தம்பி. வெள்ளைக்காரங்கள்ல பெரும்பாலும் அந்த மரபணுவே மொத்தமாக் கழண்டு விழுந்திருச்சு. ஆப்பிரிக்காவுல நிறையப் பேருக்கு அது விழலை, இருக்கு, ஆனா உடைஞ்சு போய்க் கெடக்கு. அங்கங்க தனித்தனியா நடந்த கதை. உங்கம்மாவுக்கும் அது விழலை. வீட்டுக்குள்ள ஆள் இருக்கு, வாயத் தொறக்கறதில்லை. நம்ம மெஷின் எத்தனை ஆள்னு எண்ணுச்சு. பேசுதா ஊமையான்னு பார்க்கலை."

அவன் மெதுவாகக் கேட்டுக்கொண்டான். அப்பாவிடமிருந்து பேசுகிற டி ஒன்று. அம்மாவிடமிருந்து ஊமை டி ஒன்று. கருவி இரண்டையும் சேர்த்து ரெட்டை என்று எழுதிவிட்டது. உண்மையில் அவன் ஒத்தைதான். வண்டி ஓட்டலாம். அதற்கான கடிதத்தையும் ஆபிதா தயாராக வைத்திருந்தார். ஆனால் அவன் வண்டியைப் பற்றிக் கேட்கவில்லை.

"அப்ப அவங்க என்னோட அம்மாதானா?"

"பெத்த அம்மா. அதுல சந்தேகமே இல்லை."

யஷ்வந்துக்கு அழுகை வந்தது. அதை மறைக்கவும் தோன்றவில்லை. ஆபிதா அவன் அழுது முடிக்கும்வரை காத்திருந்துவிட்டு, இந்த மலையில் மட்டும் இதேமாதிரி பதினோரு வீடுகளைக் கண்டுபிடித்திருப்பதாகச் சொன்னார். ஒரு வீட்டில் புருஷன் பிள்ளைகளைத் தன்னிடம் வைத்துக்கொண்டு மனைவியை அனுப்பியே விட்டானாம். கருவி செய்தவர்கள் தங்கள் ஊர்க் காலிகளை வைத்துச் செய்திருக்கிறார்கள், இங்கே எந்த விதம் என்று யாரும் பார்க்கவில்லை, திருத்தம் வரும், சுற்றறிக்கை வரும் என்றார். சுற்றறிக்கை அந்த வீட்டுக்குப் போய் என்ன சொல்லும் என்று அவரே தன்னைக் கேட்டுக்கொண்டார்.

மலை ஏறும்போது யஷ்வந்தின் கால் பிரேக்கைத் தேடவில்லை. சந்தோஷம்தான், நெஞ்சு நிறைந்த சந்தோஷம். ஆனால் இருபதாவது வளைவு தாண்டியதும் இன்றைக்கு ஞாயிற்றுக்கிழமை என்பது நினைவுக்கு வந்தது. நிஷாந்த் வந்திருப்பான். தன் பையிலிருக்கிற கடிதம் ஒருவனுக்கு அம்மாவைத் திருப்பிக் கொடுக்கும், இன்னொருவனிடமிருந்து பிடுங்கும். அந்த இன்னொருவன் ஏற்கனவே ஒரு தடவை இழந்தவன். இதில் யார்மேல் கோபப்படுவது என்று அவன் வளைவுக்கு வளைவு ஓர் ஆளை நிறுத்திப் பார்த்தான். கருவியை, மேலாளரை, ஆம்புலன்ஸ்காரரை, எப்போதோ எந்தக் காட்டிலோ முதன்முதலில் காலியாகப் பிறந்த அந்த யாரோ ஒருவரை. ஒருவர்மேலும் கோபம் நிற்கவில்லை.

வீட்டில் கருவாட்டுக் குழம்பு மணந்தது. நிஷாந்த் சாப்பிட்டு முடித்து, தட்டை எடுத்துக்கொண்டு கொல்லைப்பக்கம் போய்க்கொண்டிருந்தான். யஷ்வந்தைப் பார்த்துத் தலையசைத்தான். குழாய் திறக்கும் சத்தம் கேட்டது. சாந்தாமணி தரையில் உட்கார்ந்து, யஷ்வந்துக்காகத் தட்டு வைத்துக்கொண்டிருந்தாள். வழியெல்லாம் பாடமாக்கி வைத்திருந்த பேச்சு ஒன்றும் அவனுக்கு நினைவில்லை. எதிரே உட்கார்ந்தான்.

"முடிவு வந்துருச்சும்மா. மெஷின்தான் தப்பா எண்ணியிருக்கு. நான் உன் புள்ளைதான். நீ பெத்தவன்தான்."

அவள் அவனையே பார்த்தாள். கையிலிருந்த கரண்டி அசையவில்லை. அவன் காத்திருந்தான். மந்தம் இருப்பவளுக்குச் செய்தி போய்ச் சேர நேரம் ஆகும் என்று அவனைவிடத் தெரிந்தவர் யார். ஒரு நொடி ஆயிற்று. இன்னும் ஒரு நொடி. பிறகுதான் அவள் முகம் மலர்ந்தது. கண் கலங்கி, கையை நீட்டி அவன் கன்னத்தைத் தொட்டு, என் சாமி என்றாள். எல்லாம் நிஜமாகத்தான் இருந்தது. ஆனால் மலர்வதற்கு முன்னால், அந்த இடைவெளியில், அவள் முகத்தில் வேறு ஏதோ ஒன்று வந்துபோனதை அவன் பார்த்தான். அது வெறும் மந்தம்தான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். வியாதி, வேறென்ன.

கொல்லையில் குழாய்ச் சத்தம் நின்றது.

"அம்மா, துண்டு எங்க?" என்று நிஷாந்தின் குரல் கேட்டது.

"கதவுக்குப் பின்னால தொங்குது பாரு கண்ணு" என்று அவள் உடனே சொன்னாள்.